சக்கரபாணி திட்டாமல் இருந்த ஆறு நாட்கள்

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் சுடர் செராமிக்ஸ் என்ற கம்பெனிக்கு மேனேஜராக இருந்த சக்கரபாணிக்கு, 1974ஆம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு கடிதம் வந்தது. கடலூரில் இருந்த முதலாளி தேவநாதன் எழுதியிருந்தார். சென்னையில் ஒரு பெரிய ஓட்டலில் மூன்று நாள் மனித உறவுப் பயிற்சி முகாம் நடக்கிறது, போய்வரவும், செலவு கம்பெனியுடையது.

சக்கரபாணி கடிதத்தை இரண்டு தரம் படித்தார். மனித உறவில் தனக்கு என்ன குறை என்று அவருக்கு விளங்கவில்லை. இருபத்தெட்டுப் பேரை வைத்து வேலை வாங்குகிறார். இருபத்தெட்டுப் பேரையும் நாள் தவறாமல் திட்டுகிறார். ஒருவரைத் திட்டி ஒருவரை விட்டார் என்ற பேச்சே கிடையாது. இதைவிட நெருக்கமான உறவு ஒரு மனிதனுக்கு வேறு யாரோடு இருக்க முடியும்? வீட்டில் மனைவியிடம்கூட அவர் இவ்வளவு பேசியதில்லை.

விஷயம் வேறு ஒன்றுமில்லை. முதலாளி தேவநாதன் கடலூரில் ஒரு சங்கத்தில் உறுப்பினர். அங்கே மாதம் ஒருமுறை சாப்பாடு உண்டு. சாப்பாட்டுக்குப் பிறகு யாராவது ஒருவர் பேச வேண்டும் என்று விதி உண்டு. கேட்டவர்கள் திருந்த வேண்டும் என்று விதி ஏதுமில்லை. ஆனாலும் அந்த மாதம் மனித உறவைப் பற்றிக் கேட்ட தேவநாதன் திருந்திவிடுவது என்று முடிவு செய்தார். தாமே திருந்துவதற்கு நேரம் இல்லாததால் மேனேஜரை அனுப்பினார்.

முணுமுணுத்துக்கொண்டே ரயில் ஏறிய சக்கரபாணி, நான்காம் நாள் வேறு ஆளாகத் திரும்பினார். கையில் தங்க நிறக் கரை போட்ட சான்றிதழ். அதைச் சென்னையிலேயே கண்ணாடிச் சட்டம் போட்டு, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். சட்டைப் பையில் ஒரு சிவப்பு நோட்டுப் புத்தகம். அதில் பதினான்கு விதிகள். ஒவ்வொருவரையும் மரியாதையாகப் பெயர் சொல்லி அழைக்கவும். புன்னகைக்கவும். குடும்ப நலன் விசாரிக்கவும். குறை சொல்லும்முன் பாராட்டவும், குறை சொன்னபின் மறுபடியும் பாராட்டவும். முடிவுகளை நீங்கள் சொல்லாதீர்கள்; அவர்களே கண்டடையட்டும். கோபம் வந்தால் ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்கவும்.

இதை எழுதிக்கொண்டபோது, தான் போன பதினோரு வருஷத்தில் செய்ததெல்லாம் இதற்கு நேர் எதிர் என்பது சக்கரபாணிக்குத் தோன்றத்தான் செய்தது. அதனால் அவர் வெட்கப்படவில்லை. இந்த இருபத்தெட்டுப் பேருக்கும் ஒரு புது யுகத்தைத் திறந்துவிடப் போகிறோம் என்று பெருமைதான் பட்டார்.

அந்தப் பழைய யுகம் எப்படி இருந்தது என்று சொல்லிவிட வேண்டும்.

சூளையிலிருந்து வெந்து வெளியே வரும் கப்பும் சாசரும் ஒரு நீள மேஜைக்கு வரும். அந்த மேஜையில் இருப்பவள் நீலாவதி. பூதாமூரிலிருந்து தினம் நடந்து வருகிறவள். ஒவ்வொரு கப்பையும் ஒரு சின்னக் குச்சியால் தட்டுவாள். ணங் என்றால் நல்லது. டப் என்றால் உள்ளே விரிசல். மேஜைக்கு அடியில் மூன்று கூடைகள்: முதல் தரம், இரண்டாம் தரம், உடைசல். நூற்றுக்குத் தொண்ணூறு கப்புகளை அவளே பிரித்துவிடுவாள். ணங் என்றும் சொல்லாமல் டப் என்றும் சொல்லாமல் இழுக்கிற கப்புகள் சில இருக்கும். கைப்பிடி ஒட்டிய இடத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு, அடியில் ஒரு புள்ளி, வாயில் ஒரு கோணல். அவை சந்தேகக் கப்புகள். அவற்றை ஓரமாக வரிசை கட்டி வைப்பாள். பத்து மணிக்கு மேனேஜர் வந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பார். எந்தக் கூடை என்று அவர்தான் சொல்ல வேண்டும். தினக்கூலி ஆள் சொல்லக் கூடாது.

ஆனால் சக்கரபாணி ஒருநாளும் கூடையின் பெயரைச் சொன்னதில்லை. திட்டத்தான் செய்வார். "ம்" என்று உறுமினால் முதல் தரம். "இதையும் ஒரு கப்புன்னு எடுத்துவச்சிருக்க" என்றால் இரண்டாம் தரம். "யாருய்யா இதைச் செஞ்சது, கையா காலா" என்றால் உடைசல். செய்தவனின் தகப்பனார் வரைக்கும் பேச்சு போனால் அன்றைய வேக்காடே சரியில்லை என்று அர்த்தம். ஒருவர் ஓடிப்போய்ச் சூளைக்காரர் ராஜாங்கத்திடம் சொல்லிவிட்டு வருவார். இதை யாரும் யாருக்கும் சொல்லித்தரவில்லை. எங்கும் எழுதி ஒட்டவில்லை. ஆறு வருஷமாக ஒரு கப்பு கூடை மாறியதில்லை.

திங்கட்கிழமை காலை சக்கரபாணி கேட்டருகே நின்று புன்னகைத்தார்.

உள்ளே வந்துகொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். கப்புக்குப் பளபளப்பு ஏற்றுகிற கிளேஸ் தொட்டியில் வேலை செய்யும் பூவாயி, தனக்குப் பின்னால் யாராவது பெரிய மனிதர் வருகிறாரோ என்று திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை.

"வணக்கம் பூவாயி அம்மா. வூட்டுல எல்லாரும் சௌக்கியமா?"

"சார்?"

"பிள்ளைங்க நல்லாப் படிக்கிறாங்களா?"

"எனக்குப் புள்ள இல்லீங்க சார்."

சக்கரபாணி சட்டைப் பையைத் தொட்டார். நோட்டில் இதற்கு விதி இல்லை. "அதுவும் ஒரு விதத்தில் நல்லதுதான்," என்று சொல்லி மறுபடியும் புன்னகைத்தார். பூவாயி உள்ளே போய்க் கால் மணி நேரம் தொட்டிக்குள் கையை வைத்துக்கொண்டு சும்மாவே நின்றாள்.

அடுத்து ராஜாங்கம். சூளையின் சுவரில் இருக்கும் சிறு துளை வழியாகக் கண்ணை வைத்து, உள்ளே நெருப்பின் நிறத்தைப் பார்த்தே வேக்காட்டைச் சொல்கிறவர். மேனேஜரையும் அவர் அப்படித்தான் பார்ப்பார், காதின் நிறத்தை வைத்து. காது வெளிறி இருந்தால் லீவு கேட்கலாம். சிவந்தால் கேட்கக் கூடாது. கருஞ்சிவப்பு என்றால் அந்தப் பக்கமே போகக் கூடாது. கம்பெனியில் யாருக்கு என்ன காரியம் ஆக வேண்டுமானாலும் ராஜாங்கத்திடம்தான் நேரம் குறித்துக்கொண்டு போவார்கள்.

"ராஜாங்கம், உங்க மனசுல என்ன ஓடுதுன்னு எங்கிட்ட நீங்க தயங்காமச் சொல்லலாம்," என்றார் சக்கரபாணி.

"மனசுல ஒண்ணும் ஓடலீங்க சார். சூளைதான் ஓடுது."

"இல்ல, ஏதாவது வருத்தம், மனக்குறை..."

"இப்பதான் சார் லேசா ஆரம்பிக்குது."

மத்தியானம் சோற்றுத் தூக்குகளைத் திறந்தபோது ஒருவரும் சாப்பிடவில்லை.

"கம்பெனிய மூடப் போறாங்க," என்றார் ராஜாங்கம். "எனக்கு நல்லாத் தெரியுது. பின்னால இருந்துச்சே ஒரு கம்பெனி, பொம்மை செஞ்சாங்களே, மூடுறதுக்கு முந்தின நாளு அந்த மொதலாளி ஆளுக்கொரு லட்டு குடுத்தாரு. தோள்ல கைய வச்சி பேசினாரு. மறுநாளு காலையில பூட்டு."

"இவரு லட்டு குடுக்கலியே அண்ணே," என்றாள் பூவாயி.

"அதான் பயமா இருக்குது. லட்டுக்குக்கூட வக்கில்லாம மூடுறாங்க போலருக்குது."

நீலாவதி தூக்கை மூடி வைத்தாள். அவள் கவலை வேறு. அந்த மாதக் கடைசியில் மூன்று தினக்கூலிகளை நிரந்தரம் ஆக்குவதாக முதலாளி சொல்லியிருந்தார். மேனேஜர் எழுதியிருந்த பட்டியலில் மூன்றாவது பெயர் அவளுடையது. ஆறு வருஷமாக அவள் தினம் காலையில் கேட்டுக்கு வெளியே நின்று, இன்றைக்கு வேலை உண்டு என்று வாட்ச்மேன் தலையாட்டிய பிறகுதான் உள்ளே வருகிறாள். நிரந்தரம் ஆனால் தலையாட்டலுக்குக் காத்திருக்க வேண்டாம். நேராக உள்ளே வரலாம். அவ்வளவுதான் அவள் ஆசை. ஆனால் இந்தச் சமயத்தில் பார்த்து மேனேஜருக்கு என்னவோ ஆகிவிட்டது.

"சோதிக்கிறாரு அண்ணே," என்றாள் கடைசியில். "லிஸ்ட்டுல பேரு இருக்குதில்ல. யாரு எப்பிடின்னு பாக்கறாரு."

"காதைப் பாத்தேன் தங்கச்சி," என்றார் ராஜாங்கம். "நல்லாச் சிவந்திருக்குது. வாயி மட்டும் இனிக்குது. காதும் வாயும் ஒத்துப்போவலன்னா ஆளு என்னா நெனைக்கிறாருன்னே சொல்ல முடியாது. ஜாக்கிரதையா இரு."

மறுநாள் பத்து மணிக்குச் சக்கரபாணி மேஜைக்கு வந்தார். வழக்கம்போல் சந்தேகக் கப்புகள் வரிசையாக இருந்தன. மங்கலம்பேட்டை பாத்திரக்கடை ஷபியுல்லாவின் ஆர்டர் அது: ஆயிரத்து ஐந்நூறு ஜோடி. வேப்பூர் ரோட்டோரத்து ஓட்டல்களெல்லாம் பட்டணத்துப் பஸ்காரர்களுக்காகக் கப்பு சாசருக்கு மாறிக்கொண்டிருந்தன. அங்கே சப்ளை செய்கிறவர் ஷபியுல்லா. சுடர் செராமிக்ஸுக்கு அந்த வருஷத்தின் பெரிய ஆர்டர்.

சக்கரபாணி முதல் கப்பைத் தூக்கினார். கைப்பிடி அடியில் கோடு ஓடியிருந்தது. ஒரு வாரம் முன்பானால் கையா காலா என்று கேட்டிருப்பார். அவர் நெஞ்சுக்குள் அந்த வாக்கியம் கிளம்பி வந்தது. தண்ணீர் குடித்து அதை உள்ளே தள்ளினார்.

"நீலாவதி அம்மா, இந்தக் கப்போட வளைவு ரொம்ப அழகா வந்திருக்குது. கைப்பிடிப் பக்கம் மட்டும் ஒரு சின்னக் கோடு தெரியுற மாதிரி இருக்குது. ஆனா மொத்தத்துல பாக்கறப்போ மனசுக்கு நிறைவா இருக்குது."

நீலாவதி அவர் முகத்தையே பார்த்தாள். மூன்று கூடைகளையும் பார்த்தாள்.

"எந்தக் கூடைங்க சார்?"

"நீங்களே முடிவு பண்ணுங்க. உங்க மேல எனக்குப் பூரண நம்பிக்கை இருக்குது."

ஆறு வருஷத்தில் அவளை முடிவு பண்ணச் சொன்னது இதுதான் முதல் தடவை. அவள் யோசித்தாள். மேனேஜர் அழகு என்கிறார். மனசுக்கு நிறைவு என்கிறார். நடுவில் ஏதோ கோடு என்றார். ஆனால் இரண்டு பாராட்டுக்கு நடுவே அது நசுங்கிப் போய்விட்டது. மேனேஜருக்கு மனசுக்கு நிறைவாக இருக்கிற ஒரு கப்பை, அவர் கண்ணெதிரிலேயே தூக்கி உடைசல் கூடையில் எறிந்தால் அவர் என்ன நினைப்பார்? லிஸ்ட்டில் பெயர் வேறு இருக்கிறது.

கப்பு முதல் தரத்துக்குப் போனது.

சக்கரபாணி அதைக் கவனிக்கவில்லை. விதிகளைச் சரியாகச் சொல்லிவிட்டோமா என்று நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த கப்பைத் தூக்கினார். "இதோட வெண்மை இருக்குது பாருங்க..."

இப்படியே வெள்ளிக்கிழமை வரை நடந்தது. நாலு நாளில் இரண்டாம் தரக் கூடையில் தூசிதான் சேர்ந்தது. உடைசல் கூடையில் ஒரு பூனை படுத்துக்கொண்டது. தரம் எப்படி உயர்ந்துவிட்டது பாருங்கள் என்று சக்கரபாணி முதலாளிக்கு ஒரு கடிதம்கூட எழுதிவிட்டார். மனித உறவுகள் மேம்பட்டதால் உடைசல் அறவே நின்றுவிட்டது என்பதே அதன் சாரம். தேவநாதன் அதைச் சங்கத்தின் அடுத்த சாப்பாட்டில் படிப்பதற்காகப் பத்திரமாக எடுத்து வைத்தார்.

சனிக்கிழமை காலை ஷபியுல்லா வந்தார். பருத்த உடம்பு, தும்பைப்பூ மாதிரி வெள்ளை வேட்டி. வைக்கோல் வைத்து அடுக்கிய பெட்டிகளைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார். சக்கரபாணி அவரை நாற்காலியில் உட்கார வைத்து, சான்றிதழ் கண்ணில் படும்படி நாற்காலியைக் கொஞ்சம் திருப்பியும் வைத்தார்.

"பாய், நம்ம கப்புலயே டீ சாப்பிடுங்க," என்று மேல் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக் கழுவச் சொன்னார்.

டீ வந்தது. ஷபியுல்லா கப்பைத் தூக்கினார். கைப்பிடி அவர் கையில் வந்தது. கப்பு மடியில் விழுந்தது. டீ வேட்டிக்குப் போனது.

ஷபியுல்லா எழுந்து குதித்ததைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அவர் உடம்புக்கு அது பெரிய குதிப்பு. கொதித்த டீ வேட்டியோடு நின்றது பெரிய அதிர்ஷ்டம். கைப்பிடியை விரலில் மாட்டிக்கொண்டபடியே சக்கரபாணியைப் பார்த்தார்.

சக்கரபாணியின் காது கருஞ்சிவப்பாக இருந்தது. ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தார். இன்னொரு தம்ளர் குடித்தார்.

"பாய், உங்க கோபத்தை நான் மதிக்கிறேன்," என்றார்.

"கோபத்தை மதிக்கிறது இருக்கட்டுங்க. வேட்டியப் பாருங்க."

"உங்க மனநிலையில நான் இருந்தா எனக்கும் இப்படித்தான் இருக்கும்."

"என் மனநிலையில நீங்க இருக்க வேணாம் சார். என் வேட்டியில இருந்தீங்கன்னாப் போதும், தெரியும்." ஷபியுல்லா ஈர வேட்டியை உதறினார். "இதை வேப்பூருல ஒரு லாரி டிரைவர் மடியில போட்டிருந்தா என்னா ஆயிருக்கும்? அவனெல்லாம் பயிற்சி எடுத்தவன் இல்லீங்க. ஓட்டலையே புரட்டிப் போட்டுருவான். செவ்வாக்கிழமை வரேன். அத்தனையும் ஒண்ணொண்ணாப் பாத்து வைங்க. இல்லன்னா வேற எடம் பாத்துக்குறேன். உங்க வாயில நாலு வார்த்தை கேட்டாத்தான் எனக்கு நம்பிக்கையே வரும் சார். இன்னிக்கு நீங்க பேசறது எனக்குப் புடிபடல."

அவர் போன பிறகு சக்கரபாணி நாலு பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தார். வரிசைக்கு இரண்டு மூன்று சந்தேகக் கப்புகள் கலந்து கிடந்தன. முதலாளியும் அதே செவ்வாய்க்கிழமைதான் வருகிறார்: ஆர்டரை அனுப்பிவைக்கவும், நிரந்தரப் பட்டியலில் கையெழுத்துப் போடவும். சக்கரபாணி காகிதத்தை எடுத்து எழுத ஆரம்பித்தார். 'தரம் பிரிக்கும் தொழிலாளி நீலாவதியின் கவனக்குறைவு காரணமாக...' பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். மூன்றாவது பெயரை அடித்தால் ஒரு கோடு. வேலை முடிந்தது. யார் தப்பு என்ற கேள்வியும் முடிந்தது.

ஆனால் பயிற்சி எடுத்தவர் இல்லையா, கெட்ட செய்தியைப் பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று ஏழாவது விதி இருந்தது. நீலாவதியைக் கூப்பிட்டனுப்பினார்.

"உக்காருங்க. உங்களோட ஆறு வருஷ உழைப்பை இந்த நிறுவனம் மிகவும்..."

"பேரை எடுக்கப் போறீங்களா சார்?"

ஏழாவது விதி அங்கேயே நின்றது.

"கப்பு பாத்தீங்க இல்ல," என்றார் சக்கரபாணி. "கைப்பிடியில கோடு இருந்துது. அதைத் தூக்கி முதல் தரத்துல போட்டிருக்கீங்க. ஒண்ணு ரெண்டு இல்ல."

"நீங்க திட்டலீங்களே சார்."

"என்ன?"

"நீங்க திட்டினாத்தானே சார் எந்தக் கூடைன்னு தெரியும்."

சக்கரபாணிக்குப் புரியவில்லை. நீலாவதி சொல்லத் தொடங்கினாள். உறுமல் முதல் தரம், எடுத்துவச்சிருக்க என்றால் இரண்டாம் தரம், கையா காலா என்றால் உடைசல், தகப்பனார் வந்தால் சூளைக்கு ஆள் போகும். விரல் விட்டு எண்ணிக்கொண்டே சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

சக்கரபாணி நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். பதினோரு வருஷமாகத் தன் குரலைக் கேட்டால் இந்தக் கொட்டகையே நடுங்குகிறது என்று அவர் நினைத்திருந்தார். சென்னையில் அந்தப் பாவத்துக்காக ஒரு சாயங்காலம் உள்ளூர வருந்தக்கூடச் செய்தார். இப்போது பார்த்தால் இங்கே ஒருவரும் நடுங்கவில்லை. எடை போடுகிற தராசு மாதிரி, இடுக்கி மாதிரி, இவருடைய கோபத்தையும் ஒரு சாமானாக எடுத்து வேலைக்கு உபயோகித்திருக்கிறார்கள்.

"அப்போ நான் திட்டறப்போ உங்களுக்கெல்லாம் வருத்தமே இல்லையா?" என்று கேட்டார். குரலில் ஏமாற்றம் இருந்தது.

"மொத மாசம் அழுதேன் சார். அப்புறம் கூடையக் கவனிச்சிக்கிட்டேன்."

"அதுக்கப்புறம் ஒரு தடவைகூட இல்ல?"

நீலாவதி தரையைப் பார்த்தாள். "ஒரே ஒரு தடவைங்க சார். போன வருஷம் மழைக்காலத்துல. வரிசை தப்பா வச்சிட்டேன்னு, கப்பை விட்டுட்டு, உனக்கெல்லாம் எதுக்கு வேலைன்னு கேட்டீங்க. எல்லாரும் பாத்துக்கிட்டிருந்தாங்க. கப்பைத் திட்டினா கப்பு கூடைக்குப் போவும் சார். என்னைத் திட்டினா நான் எந்தக் கூடைக்குப் போறது?"

சக்கரபாணிக்கு அந்த நாள் ஞாபகமே இல்லை. ஞாபகப்படுத்திப் பார்த்தார். அன்றைக்கு அவருக்குப் பல்வலியாக இருந்திருக்கலாம். கடலூரிலிருந்து கடுதாசி வந்திருக்கலாம். எதுவோ. இவளுக்கு மழை ஞாபகம் இருக்கிறது. அவருக்கு ஒன்றும் இல்லை. சிவப்பு நோட்டைப் புரட்டினார். இதற்குப் பக்கம் இல்லை.

"இந்த வாரம் அதைவிடப் பயமா இருந்துச்சிங்க," என்றாள் நீலாவதி. "திட்டினீங்கன்னா கோவம் கப்பு மேலன்னு தெரியும். சிரிச்சீங்களா, யாரு மேலன்னே தெரியல."

சக்கரபாணி எழுதிய காகிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். பட்டியலை மடித்து மேஜை டிராயரில் வைத்தார்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை," என்றார். "எல்லாரும் வர முடியுமான்னு கேளுங்க. வர முடியாதவங்க வர வேணாம். திட்ட மாட்டேன்."

"அதைச் சொல்லாதீங்க சார். திட்டறதா இருந்தாத்தான் நம்பி வருவாங்க."

ஞாயிற்றுக்கிழமை இருபத்து மூன்று பேர் வந்தார்கள். ராஜாங்கம் சூளைச் சூட்டில் இரண்டு அண்டா வெந்நீர் போட்டார். ஆயிரத்து ஐந்நூறு கப்புகளையும் பெட்டியிலிருந்து பிரித்து முற்றத்தில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் வெந்நீர் ஊற்றி, கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்கள். தாங்கியது தட்டுக்குப் போனது. கைப்பிடி கழன்று விழுகிற கப்பு காலில் படாமல் விலகிக்கொள்வதற்குள் முற்றம் முழுக்கச் சிரிப்பாக இருந்தது. பூவாயிதான் ஆகக் கெட்டிக்காரியாக இருந்தாள். கப்பு விழும்முன்பே கால் நகர்ந்துவிடும்.

சக்கரபாணி மேஜையில் உட்கார்ந்து சந்தேகக் கப்புகளைப் பார்த்தார். திட்டக் கூடாது, சுற்றிவளைத்துப் பாராட்டவும் கூடாது. எப்படிப் பேசுவது என்று அவருக்கே தெரியவில்லை. முதல் கப்பைத் தூக்கி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் திணறினார்.

"பழைய மாதிரியே திட்டிருங்க சார், வேலை ஓடட்டும்," என்றார் ராஜாங்கம் பெருந்தன்மையாக. "நாங்க ஒண்ணும் தப்பா எடுத்துக்க மாட்டோம்."

சக்கரபாணி முயன்றார். "யாருய்யா இதைச் செஞ்சது," என்று ஆரம்பித்தார். இருபத்து மூன்று முகங்கள் ஆவலாகத் தன்னையே பார்ப்பதைக் கண்டதும் மிச்சம் வரவில்லை. எதற்கு உபயோகமாகிறது என்று தெரிந்த பிறகு கோபம் வருவது கஷ்டம்.

"உடைசல்," என்றார் கடைசியில். "கைப்பிடி சரியா ஒட்டல. ஒட்டறதுக்கு முன்ன மண்ணு காஞ்சி போயிருக்குது."

"சரிங்க சார்," என்றாள் நீலாவதி. கப்பு கூடைக்குள் விழுந்தது. பூனை எழுந்து போனது.

அடுத்தது இரண்டாம் தரம். அதற்கடுத்தது முதல் தரம். சாயங்காலம் நாலு மணிக்குள் நூற்றுத் தொண்ணூற்றெட்டுக் கப்புகள் கழிந்தன. அத்தனைக்கும் திங்கட்கிழமை வேக்காட்டிலிருந்து ஈடு எடுத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை முதலாளி தேவநாதன் காரில் வந்து இறங்கினார். கையில் ஒரு பேச்சு எழுதிக்கொண்டு வந்திருந்தார்; தலைப்பு, அன்பால் வளரும் ஆலை. கொட்டகையில் எல்லாரையும் நிற்கவைத்துப் பேசுவதாகத் திட்டம். ஆனால் உள்ளே நுழைந்ததும் அவர் கண்ணில் பட்டது கழித்துப் போட்ட கப்புகளின் குவியல்தான்.

"இதென்ன? உடைசலே இல்லன்னு எழுதியிருந்த?"

தேவநாதன் செருப்பு நுனியால் குவியலைக் கிளறினார்.

"பாயோட ஆர்டர்ல கலந்து பெட்டிக்குப் போச்சாமே. கடைத்தெருவுல சொன்னாங்க. யாரு தப்பு இது? தரம் பிரிக்கிறது அந்தப் பொம்பளதானே? லிஸ்ட்டுல மூணாவது பேரு?"

நீலாவதி மேஜைக்குப் பின்னால் நின்றிருந்தாள். குச்சியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள், எதையும் தட்டவில்லை.

"என் தப்பு சார்," என்றார் சக்கரபாணி.

பதினோரு வருஷத்தில் அவர் இந்த வாக்கியத்தைச் சொன்னதில்லை. வாய்க்குப் பழக்கம் இல்லாததால் எவ்வளவு சத்தத்தில் சொல்வது என்று தெரியாமல் கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டார். கொட்டகை முழுக்கக் கேட்டது.

"அவங்க எந்தக் கூடைன்னு ஒவ்வொரு கப்புக்கும் எங்கிட்ட கேட்டாங்க. நான் சொல்லல. அழகா இருக்குதுன்னு சொன்னேன்."

தேவநாதன் கையிலிருந்த பேச்சைச் சுருட்டினார். அப்புறம் அன்பால் வளரும் ஆலையின் முதலாளி, தொழிலாளர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, பத்து நிமிஷம் மேனேஜரைத் திட்டினார். உன்னைச் சென்னைக்கு அனுப்பியதே தண்டம் என்றார். உனக்கு யார் மேனேஜர் வேலை கொடுத்தது என்றார். கொடுத்தது தாம்தான் என்பது நினைவுக்கு வந்ததும் வேறு பக்கம் திரும்பினார். அதில் கப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. எல்லாம் சக்கரபாணியைப் பற்றித்தான்.

சக்கரபாணி தண்ணீர் கேட்கவில்லை. நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இருபத்தெட்டுப் பேரும் பார்க்கிறார்கள் என்பது முதுகில் தெரிந்தது. எங்கே போய் நிற்பது என்று அவருக்குத் தெரியவில்லை. ராஜாங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு, சூளையில் ஏதோ பார்க்க வேண்டும் என்று எல்லாரையும் அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். சூளையில் பார்க்க ஒன்றும் இல்லை. சக்கரபாணிக்கும் அது தெரியும்.

நீலாவதி மட்டும் போகவில்லை. முதலாளி மூச்சு வாங்க நிறுத்தியபோது ஒரு கப்பை எடுத்துக் குச்சியால் தட்டினாள். ணங் என்றது.

"இப்போ சரியா இருக்குதுங்க மொதலாளி," என்றாள். "ஆயிரத்தி ஐந்நூறும் வெந்நி ஊத்தி, தூக்கிப் பாத்திருக்குது. சார்தான் ஞாயித்துக்கிழமை பூரா உக்காந்து பாத்தாரு."

அந்தச் சமயம் ஷபியுல்லாவும் வந்து சேர்ந்தார். இன்றைக்குப் பழுப்பு நிறக் கைலி, முன்னெச்சரிக்கை. நாலு பெட்டியிலிருந்து நாலு கப்பு எடுத்து, டீ ஊற்றச் சொல்லி, உடம்பிலிருந்து கையை நீட்டித் தள்ளி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தூக்கினார். நாலாவது கப்பு டீயைத்தான் குடித்தார். லாரி வரச் சொல்லிவிட்டார்.

சரக்கு கிளம்பியதும் தேவநாதனின் முகம் தெளிந்தது. தெளிந்ததும் பேச்சு ஞாபகம் வந்தது. மறுபடியும் எல்லாரையும் கூப்பிட்டு, தொழிலாளியின் மனம் ஒரு மலர் என்று தொடங்கி முப்பத்தைந்து நிமிஷம் பேசினார். கடைசியில் பட்டியலைக் கேட்டார். சக்கரபாணி டிராயரிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மூன்று பெயரும் அப்படியே இருந்தன. முதலாளி பேசிய உற்சாகத்தில் பெயர்களைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் புதன்கிழமை. நீலாவதி கேட்டுக்கு வந்தாள். வாட்ச்மேன் வழக்கம்போல் தலையாட்டத் தொடங்கினார். அவள் அதைப் பார்க்காமல் நேராக உள்ளே போனாள். வாட்ச்மேனுக்குக் கழுத்துப் பாதி வழியில் நின்றுவிட்டது.

நேராகப் போனவள் மேஜைக்குப் போகவில்லை. ஆபீஸுக்குள் வந்து ஒரு காகிதத்தை நீட்டினாள்.

"என்ன இது?" என்றார் சக்கரபாணி.

"லீவுங்க சார். நாளைக்கி ஒரு நாளு. நெரந்தரம் ஆனா லீவு உண்டுன்னு சொன்னாங்க."

சூளையிலிருந்து மறுநாள் அறுநூறு கப்பு வெளியே வரக் காத்திருந்தது. மேஜையில் வேறு ஆள் கிடையாது. சக்கரபாணியின் வாய் திறந்தது. மூடியது.

"யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இல்லீங்க."

"ஊருக்குப் போறீங்களா? கல்யாணம், காதுகுத்து ஏதாவது?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க சார்."

"அப்போ எதுக்கு?"

"தூங்கத்தான் சார்," என்றாள் நீலாவதி. "ஆறு வருஷமா ஒரு வேலை நாளுல விடிஞ்சதுக்கப்புறம் தூங்கினதில்ல. எப்பிடி இருக்குதுன்னு பாக்கணும்."

சக்கரபாணி காகிதத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே ஆறு வருஷமும் இருந்தது. பத்து மணிக்குத் தினம் எதிரில் நின்றும் அவர் அதைப் பார்த்ததில்லை. பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். போட்ட வேகத்தில் நிப்பு காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போனது வேறு விஷயம்.

"வெள்ளிக்கிழமை வந்துருங்க," என்றார்.

"வந்துருவேன் சார். போயிட்டு வரேன்," என்று சொல்லிவிட்டு, அன்றைய கப்புகளைத் தட்டுவதற்காக மேஜைக்குப் போனாள்.